பதினேழாம் எண் வில்லை

குனோங் தெராப் மலைக்கு ஏறும் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு முதலுதவிப் பெட்டி, அப்புறம் நான். வாசலில் ஒரு பலகை, அதில் இரண்டு வரிசை ஆணிகள். மேல் வரிசைக்கு 'மேலே' என்று பெயர், கீழ் வரிசைக்கு 'கீழே'. மலாயிலும் தமிழிலும் நானே பெயிண்டில் எழுதியது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஆனால் யாருக்கும் புரியாமல் போனதில்லை.

மலை ஏற வருகிறவர் நோட்டில் பெயரும் விலாசமும் போன் நம்பரும் எழுதுவார். கீழ் வரிசையிலிருந்து ஒரு சிவப்பு வில்லையை எடுத்து மேல் வரிசையில் மாட்டுவார். பக்கத்து ஊரான உலு திராமில் சாவிக்கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வில்லைகள், ஒன்று முதல் அறுபது வரை எண் போட்டவை. இறங்கி வந்ததும் அவரே அதை எடுத்துக் கீழே மாட்டிவிட்டுப் போக வேண்டும். நாலு மணிக்கு 'மேலே' வரிசையில் ஒரு வில்லை மிச்சமிருந்தால் ஓர் ஆள் இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம். முதலில் போன் போட்டுப் பார்ப்பேன். பதில் இல்லையென்றால் விசிலையும் டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவேன். வில்லை தொங்கினால் ஆள் மேலே. பதினொரு வருஷமாக இதுதான் விதி.

இத்தனை வருஷத்தில் இருபத்து மூன்று பேரைத் தேடிப்போய் அழைத்து வந்திருக்கிறேன். கால் பிசகியவர்கள், வழி தவறியவர்கள், காதலியோடு சண்டை போட்டுவிட்டுப் பாறை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒருவன். என்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரி முகம் மாறும். நம்மைத் தேடி ஒருத்தி வந்துவிட்டாள் என்கிற முகம். அந்த முகத்துக்காகத்தான் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். சம்பளத்துக்காக என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

என் பெயர் சந்திரமதி. வயது ஐம்பத்து மூன்று. செனாயில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் மின்சில்லுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது, நான் காட்டுக்கு வந்துவிட்டேன். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். முதலில் தினமும் காஸ்வே பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்தார். பிறகு வாரம் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை, பிறகு அந்தப் பக்கமே தங்கிவிட்டார். சாகவில்லை, அங்கே அவருக்கு வேறு ஒரு வீடு இருக்கிறது. அவர் போகும்போது ஒரு வில்லையை மாட்டச் சொல்லியிருக்க வேண்டும், என் தப்புதான். மகள் லோஷினிக்கும் இப்போது அங்கேதான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாள், நானும் ஒரு கட்டைவிரல் அனுப்புவேன். எங்கள் குடும்பம் அந்த இரண்டு விரலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜொகூர் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு நாள் நான் வீடு திரும்பாவிட்டால் அதைக் கவனிக்க ஆளில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

போன பிப்ரவரியில் மலைக்குக் கேபிள் கார் வந்தது. நாங்கள் ஒன்றரை மணி நேரம் மூச்சு வாங்கி ஏறுகிற மலையை அது ஒன்பது நிமிஷத்தில் ஏறிவிடும். எட்டுப் பேர் உட்காரும் கண்ணாடிப் பெட்டிகள், உள்ளே குளிர்சாதனம் வேறு. அடிவார நிலையத்தை என் கொட்டகையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பெரிய சாலை ஓரமாகக் கட்டினார்கள். கார் நிறுத்தலாம், ஐஸ்கிரீம் சாப்பிடலாம், மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

பொய் சொல்லக்கூடாது, நல்லதும் நடந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண் உச்சிக்குப் போய், பிறந்ததிலிருந்து ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்த மலை இது என்று அழுதாளாம். அதைக் கேட்டு எனக்கும் கண் கலங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என் பலகைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

அன்று நாலு மணிக்கு 'மேலே' வரிசையில் பதினொரு வில்லைகள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "அலமாக், சாரி அக்கா! கேபிள் கார்ல எறங்கிட்டோம் லா, மறந்துட்டோம்!" என்றார்கள். ஏறும்போது நடை, இறங்கும்போது கண்ணாடிப் பெட்டி. இறங்குகிற இடம் வேறு என்பதால் என் பலகையைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார்கள். நாலு பேர் போனை எடுக்கவில்லை. ஏறினேன். உச்சி வரை விசில் ஊதிக்கொண்டு போனேன். அந்த நாலு பேரும் வீட்டில் குளித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. கேபிள் காரில் ஏறிவிட்டு, 'இறங்கத்தானே, நடந்தே போலாம்' என்று ரப்பர் செருப்போடு காட்டுக்குள் நுழைகிறவர்கள். அவர்கள் என் நோட்டிலும் இல்லை, பலகையிலும் இல்லை. முழங்கால் நடுங்க, கையில் காலி பானக் கோப்பையோடு என் கொட்டகைக்கு முன்னால் வந்து விழுவார்கள். உச்சிக்குப் பின்னால் ஓடைக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் அந்தப் பக்கம் வருஷத்துக்கு இருபது பேர் போனால் அதிகம், அவர்களும் காடு தெரிந்தவர்கள். இப்போது மேல் நிலையத்திலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் யார் வேண்டுமானாலும் போகலாம். அங்கே இருட்டினால் யாரைத் தேடுவது, எத்தனை பேரைத் தேடுவது?

கேபிள் கார் நிலையத்தின் மேற்பார்வையாளர் ஹேமநாதன் என்று ஒரு தம்பி, முப்பது வயதிருக்கும். மேலேயும் ஒரு பலகை மாட்டச் சொல்லி அவனிடம் போய் நின்றேன்.

"அக்கா, எல்லாத்துக்கும் கியூஆர் கோடு வரப்போகுது. ஸ்கேன் பண்ணா போதும்," என்றான்.

"ஸ்கேன் பண்ணாதவன காட்டுல போயி யாரு தேடுவா? உன் கியூஆர் கோடா?"

"நான் மேல சொல்றேன்க்கா," என்றான் மரியாதையாக. அவனுக்கு மேலே யார் என்று அவனுக்கே தெரியாது, பாவம்.

மே மாதத்துக்குள் நடப்பவர்கள் குறைந்துபோனார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அறுபது வில்லையும் போதாமல் தவித்த பலகையில் ஐந்து, நாலு என்று தொங்கியது. ஆள் நடக்காத பாதையைக் காடு மூன்றே மாதத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளும். பெரணி இரண்டு பக்கமும் நெருங்கியது. விழுந்த மரங்களை அகற்ற ஆள் அனுப்பச் சொன்னால் அலுவலகத்தில் பதில் இல்லை. பிடித்து ஏறுவதற்குக் கட்டியிருந்த கயிறுகள் மழையில் ஊறி நைந்தன. உச்சியில் கம்பி வேலி போட்டுவிட்டதால், நடந்து ஏறியவன் கதவுக்கு வெளியே நின்று மணி அடித்து, உள்ளே வர டிக்கெட் வாங்க வேண்டும். பல நாட்கள் நான் அந்தக் கொட்டகையில் காலையிலிருந்து மாலை வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவர் மட்டும் விடாமல் வந்தார். காளியப்பன் அண்ணன், அறுபத்தெட்டு வயது, உலு திராமில் தனியாக இருக்கிறார். தொழிற்சாலைப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி தவறி ஆறு வருஷம் ஆகிறது, மகன் ஆஸ்திரேலியாவில். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, இரண்டு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் ஒன்றை என் மேசையில் வைப்பார். "பசியாறிட்டீங்களா தங்கச்சி?" என்பார். "இனிமேதாண்ணே," என்பேன். போனை மட்டும் மலைக்கு எடுத்து வர மாட்டார், வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். பதினேழாம் எண் வில்லையைத் தேடி எடுத்து மாட்டிவிட்டு ஏறுவார். இரண்டு மணிக்கு இறங்கி அதைக் கீழே மாட்டிவிட்டுப் போவார். வருஷக்கணக்கில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஏன் பதினேழு என்று ஒரு நாள் கேட்டேன். "என் பஸ்ல பதினேழு பிள்ளைங்க வேலைக்கு வந்தாங்க. பதினேழு தலைய எண்ணாம பஸ்ஸ எடுக்கமாட்டேன். ஒரு பிள்ள கொறைஞ்சாலும் தொழிற்சாலை கேட்டுல நின்னுடுவேன்," என்றார். என்னை மாதிரி ஓர் ஆள் உலகத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூனில் ஒரு ஞாயிறு, நாலு மணிக்குப் பதினேழு மேலேயே தொங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று, வீட்டில் கிடக்கும் அவர் போனுக்கு ஒரு முறை அடித்துப் பார்த்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணே, எறங்கிட்டீங்களா?"

"எறங்கிட்டேன் தங்கச்சி. முட்டி வலி, கேபிள் கார்ல வந்துட்டேன். டேக்க மறந்துட்டேன்."

நான் சும்மா விடவில்லை. வயதுக்கு மரியாதை கொடுத்தபடியே பத்து நிமிஷம் திட்டினேன். அவர் "ஆமா தங்கச்சி, தப்புதான்," என்று கேட்டுக்கொண்டார். மூன்று வாரம் கழித்து மறுபடியும் மறந்தார். மறுபடியும் திட்டினேன். ஆகஸ்டில் இன்னும் இரண்டு தடவை. கடைசித் தடவை நான் திட்டும்போது அவர் மெல்லச் சிரிப்பது போனில் கேட்டது. வயதாகிவிட்டது, ஞாபகம் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர் ஒருவர்தான் ஏறினார். பன்னிரண்டு மணிக்கே வானம் கறுத்தது. ஒரு மணிக்கு இடி. மலைக்குப் பின்னால் எங்கேயோ மின்னல் விழுந்து, என் போனில் சிக்னல் கம்பிகள் மொத்தமும் காணாமல் போயின. இரண்டு மணி ஆனது, மூன்று ஆனது. மழையில் பலகை நனைந்துகொண்டிருந்தது, பதினேழு அசையாமல் தொங்கியது. என் மோட்டாரில் அடிவார நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். டிக்கெட் கொடுக்கும் பெண், "ஒரு மணிக்கே நிறுத்திட்டோம் ஆன்டி. பேரெல்லாம் எழுத மாட்டோம், யாரு எறங்கினாங்கன்னு தெரியாது," என்றாள். அங்கேயும் சிக்னல் இல்லை. ஒரு மணிக்கு முன்னால் இறங்கியிருக்கலாம். இறங்காமலும் இருக்கலாம். அவர் மோட்டாரைத் தேடினேன். என் கொட்டகைக்குப் பக்கத்தில் அது வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஆனால் அந்த ஓரத்தில் சரிவு மழையில் கரைந்து பள்ளத்துக்குள் போயிருந்ததால், மோட்டாரும் அதோடு போனதா, அவர் எடுத்துப் போனாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வில்லை தொங்கினால் ஆள் மேலே. நாலு மணிக்கு ஏறினேன்.

எனக்குக் கைரேகை மாதிரி தெரிந்த பாதை அது. அன்றைக்கு அது என்னை அடையாளம் தெரியாத மாதிரி நடந்துகொண்டது. பெரணியை விலக்கி விலக்கிப் போனேன். காலில் அட்டைகள் ஏறின, பிடுங்க நேரமில்லை. மூன்று தடவை விசில் ஊதுவேன், நின்று காது கொடுப்பேன், மழைச் சத்தம் மட்டும் கேட்கும். "காளியப்பண்ணே!" என்று கத்திக் கத்தித் தொண்டை போனது. 'பாத்து பெசார்' என்று எல்லோரும் சொல்லும் பெரிய பாறையைத் தாண்டி ஒரு செங்குத்தான ஏற்றம். அங்கே கயிற்றைப் பிடித்தேன். கயிறு கையோடு வந்துவிட்டது.

உருண்டு ஒரு மரத்தடியில் போய் நின்றேன். இடது கணுக்காலில் உயிர் போகிற வலி. மழை முகத்தில் அடித்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் மேலே வந்திருக்கிறேன் என்று பலகையில் இல்லை. எனக்கென்று ஒரு வில்லையை நான் ஒரு நாளும் மாட்டியதில்லை. இங்கேயே கிடந்தால் லோஷினி அடுத்த ஞாயிறு கட்டைவிரல் அனுப்புவாள், பதில் வரவில்லையென்றால் அம்மா பிஸி என்று நினைத்துக்கொள்வாள். நான் காணவில்லை என்று ஒருவருக்குத் தோன்றவே நாளாகும். எனக்கு அழுகை வந்தது. சத்தமாகவே அழுதேன். கேட்க ஆளில்லாத இடத்தில் அழுவதற்கு வெட்கம் எதற்கு?

பிறகு எழுந்தேன். அண்ணன் மேலே எங்கேயாவது என்னைப் போலவே கிடந்தால்? ஒரு கொம்பை ஊன்றிக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு, ஆறே கால் மணிக்கு உச்சியின் கம்பி வேலியைப் போய்ப் பிடித்தேன். மணியை அழுத்தினேன். மழையில் மேலேயே மாட்டிக்கொண்டிருந்த ஹேமநாதன்தான் ஓடிவந்து கதவைத் திறந்தான். சேறும் ரத்தமுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்து, "ஐயோ அக்கா!" என்று என்னைத் தாங்கிப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான்.

"ஒரு பெரியவரு. நீல சட்டை. தனியா," என்றேன்.

அவன் கணினியில் கேமராப் பதிவைப் பின்னோக்கி ஓட்டினான். பன்னிரண்டு நாற்பது. நீலச் சட்டையில் காளியப்பன் அண்ணன் எட்டுப் பேர் பெட்டியில் தனி ஆளாக ஏறி உட்கார்ந்தார். கதவு மூடியது. பெட்டி நகரும் முன் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஹேமநாதன் எனக்கு ஒரு கோப்பை மைலோ கலக்கிக் கொடுத்தான்.

கேபிள் கார் மறுபடி ஓடத் தொடங்கியதும் என்னை அதில் இறக்கினார்கள். அன்றுதான் நான் அதில் முதல் தடவை உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. கீழே காடு முழுவதும் பச்சையாகக் கழுவி வைத்த மாதிரி இருந்தது, என் பாதை கண்ணுக்கே தெரியவில்லை. பதினொரு வருஷம் நடந்த இடத்தை ஒன்பது நிமிஷத்தில் தாண்டினேன். அழகாகத்தான் இருந்தது. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

மறுநாள் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிராப் வாடகைக் கார் பிடித்து உலு திராமுக்குப் போனேன். நோட்டில் அவர் விலாசம் இருந்தது. வாசலில் அவர் மோட்டார் பத்திரமாக நின்றது. கதவைத் திறந்தவர் என் காலைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு தங்கச்சி?"

"உங்களத் தேடித்தான் ஏறினேன். சிக்னல் இல்ல, போன் பண்ண முடியல. டேக் தொங்கிச்சு, ஏறினேன். கயிறு அறுந்துபோச்சு. நீங்க பன்னண்டு நாப்பதுக்கே எறங்கிட்டீங்க, கேமராவுல பாத்தேன். எங்கிட்டத்தான் மோட்டார எடுக்க வந்திருக்கீங்க. நான் உள்ள உக்காந்திருந்தேன், இடி மழையில சத்தம் கேக்கல. பலகை ரெண்டு அடி தூரம். மறந்தீங்களா, வேணும்னே விட்டீங்களா?"

அவர் நின்றபடியே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நாற்காலிக்கு முன்னால் ஒரு ஸ்டூல், அதில் சார்ஜில் மாட்டிய போன்.

"மொத தடவ மறந்ததுதான், சத்தியமா," என்றார். "அன்னைக்கு நீங்க போன் பண்ணீங்க. 'அண்ணே, எறங்கிட்டீங்களா'ன்னு கேட்டீங்க. அவ போனதுக்கு அப்புறம், வந்து சேந்தியான்னு என்ன யாரும் கேட்டதில்ல. அதுக்கப்புறம்..." நிறுத்தினார். "திட்டு வாங்கணும்னே விட்டேன் தங்கச்சி. ஒரு பலகையில நான் இன்னும் வரலைன்னு தொங்குது, ஒருத்தங்க நாலு மணிக்கு அதப் பாத்து பதறுவாங்க. அது நல்லா இருந்துச்சு."

நான் ஸ்டூலில் இருந்த போனைப் பார்த்தேன்.

"நேத்தும் நாலு மணிலேருந்து இங்கதான் உக்காந்திருந்தேன். அடிக்கல. ஏழு மணிக்கு நானே அடிச்சேன், லைன் கெடைக்கல. சரி, உங்களுக்கும் சலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன்." என் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "நீங்க அந்நேரம் எனக்காக மழையில..."

"பஸ்ல பதினேழு தல எண்ணின ஆளுண்ணே நீங்க!" என்று கத்தினேன். "ஆளு கொறைஞ்சா எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஆளு! இனிமே என் மலைக்கு வராதீங்க."

வெளியே வந்து கிராப் காரில் உட்கார்ந்ததும் கதவை அறைந்து சாத்தினேன். கோபம் என்றுதான் நினைத்தேன். செனாய் சாலை வரை வந்தபிறகுதான் புரிந்தது, பாதிக்கு மேல் பொறாமை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்காகப் பதறுவதற்கு ஒருத்தி இருந்தாள்.

நான் கொடுத்த விபத்து அறிக்கையை அலுவலகம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. கயிற்றை மாற்றுவார்கள் என்று நினைத்து எழுதினேன். நடைபாதை பாதுகாப்பாக இல்லை, அக்டோபர் கடைசியோடு மறு அறிவிப்பு வரை மூடப்படுகிறது, மேலே போக விரும்புவோர் கேபிள் காரைப் பயன்படுத்தலாம் என்று பதில் வந்தது. என் காலே என் பாதைக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. கடைசி ஞாயிறு நான் ஏறி, மரங்களில் கட்டிய வழிகாட்டி ரிப்பன்களை எல்லாம் அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். பாதை இருப்பதாக நினைத்து யாரும் நுழைந்துவிடக் கூடாதாம்.

அந்த ஞாயிறு காலை ஏழரைக்கு மோட்டார் சத்தம். காளியப்பன் அண்ணன் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கை மேசையில் வைத்தார். ஆறு வாரமாக நான் பார்க்காத முகம், கொஞ்சம் மெலிந்திருந்தது. முழங்காலில் பட்டை கட்டியிருந்தார்.

"நான் ஏற வரல," என்றார். "நீங்க மட்டும் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். உங்க டேக் எங்க?"

"எனக்கேது டேக்?"

அவர் பலகைக்குப் போய், பதினேழாம் எண் வில்லையை எடுத்து மேல் வரிசையில் மாட்டினார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். "நாலு மணி. அதானே விதி?" என்றார். நான் ஏறினேன்.

ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். சிலவற்றை முடிச்சுப் போட்ட நாள்கூட ஞாபகம் வந்தது. உச்சி வேலி வரை போனேன். உள்ளே குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன, ஒரு குழந்தை என்னைப் பார்த்துக் கையாட்டியது. திரும்பி இறங்கும்போது எனக்குப் பின்னால் இருந்த பாதை காடாகவே ஆகிவிட்டது, நானே திரும்பிப் போனால் தடுமாறுவேன். மூன்று மணிக்குப் பாத்து பெசாருக்கு வந்து சேர்ந்தேன். அங்கிருந்து கீழே முக்கால் மணி நேரம். மூன்றே முக்காலுக்குப் பலகைக்கு முன்னால் நிற்கலாம்.

சும்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கத்தான் உட்கார்ந்தேன். மூன்றரை ஆனது. எழுந்திரு என்று எனக்கு நானே சொன்னேன். கால் நன்றாகத்தான் இருந்தது, எந்த வலியும் இல்லை. ரிப்பன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அவரை என்ன வார்த்தை சொல்லித் திட்டினேனோ, அத்தனையும் எனக்குத் தெரியும். அதே திருட்டுத்தனத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன். நாலு மணி ஆனது. நாலேகால். காட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவர் வரமாட்டார், கடிகாரத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன், ரிப்பன் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தேகாலுக்குக் கீழே, பெரணிக்குள், ஏதோ முறிகிற சத்தம். ஒரு மனிதர் மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம் குரல்.

"சந்திரமதீ!"

அக்கா, ஆன்டி, மலாய்க்காரர்கள் சொல்லும் காக், தங்கச்சி, அம்மா. என் முழுப் பெயரை ஒருவர் வாய்விட்டுக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்றென்று எனக்கே தெரியவில்லை. கொம்பை ஊன்றி ஊன்றி அவர் ஏறுவது கேட்டது. அவருடைய முட்டி என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். "இங்கதாண்ணே இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

கண்ணீர் வழிந்து வாய்க்குள் உப்புக் கரித்தது. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

கூப்பிட்டார்.